கூடங்குளத்தின் எரிந்த எரிபொருள்: தொட்டியா, கலனா, கண்ணாடியா, பாறையா?

கூடங்குளத்தில் முதல் அணு உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. இரண்டாவது உலை 2017 மார்ச் கடைசியில் வணிக உற்பத்திக்கு வந்தது. எரிந்து முடிந்த எரிபொருள் அந்த வளாகத்துக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. அடுத்து அது எங்கே போகும், எந்த ஆண்டு போகும் என்று கேட்டால் தேதியோடு பதில் சொல்ல யாரும் இல்லை. பக்கத்திலேயே 3, 4, 5, 6 என்று அடுத்த உலைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன.

அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கு நான் இங்கே போகவில்லை. நாளைக்கே எல்லா உலைகளையும் மூடினாலும், இதுவரை எரிந்தது எங்கேயாவது இருந்தாக வேண்டும். அதற்கு உலகம் கண்டுபிடித்திருக்கிற வழிகளை எடுத்து, கூடங்குளத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்க்கலாம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். யுரேனியம் ஆக்சைடு வில்லை ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனியைவிடச் சிறியது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிர்கோனியம் கலவைக் குழாயில் அடைத்தால் அது ஒரு எரிகோல். 312 எரிகோல்களைத் தேனடை மாதிரி அறுகோணமாகச் சேர்த்தால் ஒரு கட்டு. கூடங்குளத்தில் ஓர் உலைக்குள் இப்படி 163 கட்டுகள் இருக்கின்றன. உலைக்குள் போகாத புதுக் கட்டுக்குப் பக்கத்தில் பயமில்லாமல் நிற்கலாம். சில ஆண்டுகள் எரிந்து வெளியே வந்த அதே கட்டுக்குப் பக்கத்தில், நடுவே எந்தத் தடுப்பும் இல்லாமல் சில நிமிடங்கள் நின்றால் போதும், உயிரை எடுக்கிற அளவு கதிர்வீச்சு உடம்பில் ஏறிவிடும். அதனால்தான் வெளியே வந்ததும் நேராகத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். சூட்டைத் தணிப்பதும் கதிர்வீச்சைத் தடுப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

எரிந்த எரிபொருளில் சுமார் 95 சதவீதம் யுரேனியமாகவே இருக்கும். ஏறக்குறைய 1 சதவீதம் புளூட்டோனியம். மிச்சமுள்ள 3, 4 சதவீதத்தில்தான் சீசியம், ஸ்ட்ரான்சியம், அயோடின் போன்ற பிளவுப் பொருட்களும் அமெரிசியம் போன்ற கனத்த தனிமங்களும் இருக்கின்றன. இவை எல்லாம் ஒரே வேகத்தில் அடங்குவதில்லை. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டுகளை ஒட்டியது. 300 ஆண்டுகள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். புளூட்டோனியம்-239க்கு அரை ஆயுள் 24,100 ஆண்டு. அயோடின்-129க்கு ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் மேல்.

300 ஆண்டு என்பது நமக்குப் பிடிபடுகிற கணக்கு. 300 ஆண்டுக்கு முன்னால் ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரிப் பக்கம் வளர்ந்துகொண்டிருந்த பையன்; அவர் பின்னால் எழுதிய நாட்குறிப்பை இன்றைக்கும் நம்மால் வாசிக்க முடிகிறது. இனி மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குன்றில் ஏறிப் பாருங்கள். பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. 2,000 ஆண்டுக்கும் மேற்பட்டது, நம் மொழிதான், ஆனால் படித்துப் பழகியவர் கூட இல்லாவிட்டால் ஓர் எழுத்தும் நமக்குப் புரியாது. 24,000 ஆண்டு என்பது அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். 'இங்கே தோண்டாதே' என்று எந்த எழுத்தில் எழுதி வைப்பது? முதல் சில நூற்றாண்டுகளுக்கு மனிதர்கள் காவல் இருக்கலாம். அதற்கு அப்புறம் காவலைப் பாறையிடம்தான் ஒப்படைக்க முடியும். எந்த வழியை எடைபோட்டாலும் நான் கையில் வைத்திருக்கிற படிக்கல் இதுதான்.

தள்ளிவிட வேண்டிய வழிகள்

ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். ராக்கெட்டுகள் வெடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நூற்றில் ஒன்று வெடித்தாலும் கழிவு வானத்திலிருந்து நம்மேல் தூவும். கடலில் போடுவதை, உயர்நிலைக் கழிவு எனப்படும் இந்த மாதிரி கதிரியக்கம் மிகுந்த கழிவைப் பொறுத்தவரை, 1972 லண்டன் உடன்படிக்கையே தடுத்துவிட்டது. அண்டார்டிகா பனிக்குள் புதைப்பதை 1959 அண்டார்டிகா ஒப்பந்தம் தடுக்கிறது. தூத்துக்குடி, கன்னியாகுமரி கடலில் இறங்கிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கடல் தடை எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பினால்?

இது வெறும் கற்பனை இல்லை. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இருந்த காலத்தில் போட்ட முதல் ஒப்பந்தத்தில், எரிந்த எரிபொருள் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிப் போவதாகத்தான் இருந்தது. 1998இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அது மாறியது. எரிபொருளை இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்று ஆனது. 2022 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், கூடங்குளத்தில் சேமிப்பகம் வேண்டாம், ரஷ்யாவுக்கே அனுப்புங்கள் என்று கேட்டார். பக்கத்து வங்கதேசம் ரூப்பூர் உலைக்கு ரஷ்யாவோடு இதே ஏற்பாட்டை 2017இல் செய்துகொண்டது. ஆகவே கேட்கவே கூடாத கோரிக்கை இல்லை இது.

இருந்தாலும் எனக்கு இதில் இரண்டு சங்கடம். ஒன்று, பழைய ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டதே இந்திய அரசு விரும்பித்தான். உள்ளே இருக்கும் புளூட்டோனியத்தை அது சொத்தாகப் பார்க்கிறது. இரண்டாவது, அனுப்பினால் அது எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்ற கேள்வி. பின்லாந்து தன் லோவீசா நிலையத்தின் எரிந்த எரிபொருளை 1996 வரை ரஷ்யாவில் உரால் மலைப் பக்கம் இருக்கும் மாயக் ஆலைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மாயக்கில்தான் 1957 செப்டம்பர் 29 அன்று திரவக் கழிவுத் தொட்டி ஒன்று குளிர்விப்பு நின்றுபோய் வெடித்தது; சுற்றுவட்டார ஊர்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பின்லாந்து 1994இல் சட்டத்தைத் திருத்தி, எங்கள் கழிவை எங்கள் மண்ணில்தான் வைப்போம் என்று முடிவெடுத்தது. இடிந்தகரைக்காரர்கள் தங்கள் வாசலில் வேண்டாம் என்று சொல்வதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே நியாயம் உரால் மலையடிவாரத்துக் கிராமத்துக்கும் உண்டு.

தொட்டியும் உலர் கலனும்

'ஏ.எஃப்.ஆர்.' என்று செய்தித்தாள்களில் அடிபடுகிறதே, அது உலைக் கட்டடத்துக்கு வெளியே கட்டப்படும் சேமிப்பகம். 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி கொடுத்தது. இந்தச் சேமிப்பகத்துக்கு 5 ஆண்டு கெடு இருந்தது. பிறகு 2022 வரை நீட்டித்தார்கள். 2019 ஜூலையில் ராதாபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள்.

வாதம் முழுக்க 'வரலாமா கூடாதா' என்றே போனதில் ஒரு நடைமுறைக் கேள்வி காணாமல் போய்விட்டது. சேமிப்பகம் என்றால் தண்ணீர்த் தொட்டியா, உலர் கலனா? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

தொட்டிக்குப் பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், தண்ணீரின் அளவையும் சுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். உலர் கலன் என்பது வேறு. முதல் சில ஆண்டுகள் தொட்டியில் ஆறிய கட்டுகளை எஃகுப் பெட்டிக்குள் இறக்கி, தண்ணீரை வடித்து, ஹீலியம் நிரப்பி, மூடியைப் பற்றவைத்து, அதைச் சுற்றி கனமான கான்கிரீட் உறை போட்டு நிறுத்திவிடுகிறார்கள். உறையின் அடியில் துவாரம், மேலே துவாரம். கீழே நுழையும் காற்று சூடாகி மேலே போய்விடும். பம்பு இல்லை, கரண்ட் இல்லை. ஈயம், எஃகு என்று தடித்த உலோகத்தாலேயே ஆன வகைகளும் உண்டு.

2011 மார்ச்சில் புகுஷிமாவில் இந்த இரண்டையும் கடல் ஒரே நாளில் சோதித்துப் பார்த்தது. அங்கே 4ஆம் உலையின் தொட்டியில் தண்ணீர் வற்றிவிட்டதோ என்று உலகமே பல நாள் நடுங்கியது. கான்கிரீட் இறைக்கிற லாரியைக் கொண்டுவந்து, அதன் நீண்ட கையை உடைந்த கூரைக்கு மேலே நீட்டித் தண்ணீர் பாய்ச்சினார்கள். அதே வளாகத்தில் 9 உலர் கலன்களில் 408 கட்டுகள் இருந்தன. சுனாமி அந்தக் கட்டடத்துக்குள்ளும் புகுந்து சேறும் குப்பையும் அடைத்தது. கலன்கள் அசையவில்லை, கசியவில்லை. 2004 டிசம்பர் 26ஐ நேரில் பார்த்த கரை நம்முடையது. இதற்கு மேல் எனக்கு ஒரு வாதம் தேவைப்படவில்லை.

கலனுக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடல் காற்றின் உப்பு துருப்பிடிக்காத எஃகிலும் நாளடைவில் மயிரிழை வெடிப்பை உண்டாக்கக்கூடியது. அமெரிக்காவில் கடலோர நிலையங்களில் இது பல ஆண்டாக ஆராயப்படும் கவலை. கையாளும்போதும் தவறு நடக்கும். கலிஃபோர்னியாவில் சான் ஓனோஃப்ரே என்ற கடற்கரை நிலையத்தில் 2018 ஆகஸ்டில் ஒரு பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது அது உள்விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. தூக்கியின் பட்டைகள் தளர்ந்து போனதை மேலே இருந்தவர்கள் கவனிக்கவில்லை. டன் கணக்கான எடை, கீழே 18 அடி ஆழம், தாங்கியது அந்த விளிம்பு மட்டும். கண்டுபிடித்து மீண்டும் தூக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. பெட்டி விழவில்லை. ஆனால் கிரேனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. மணவாளக்குறிச்சி முதல் உவரி வரை உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். கலன்களைத் திறந்த வெளியில் வரிசையாக நிறுத்தாமல், காற்றை வடிகட்டும் கட்டடத்துக்குள் வைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

நெதர்லாந்தில் ஃப்ளிஸ்ஸிங்கன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஹாபோக் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 2003இல் திறந்தார்கள். அந்த நாட்டின் உயர்நிலைக் கழிவு முழுவதும் அதற்குள்தான், குறைந்தது 100 ஆண்டுக்கு. வெளிச்சுவர் முழுக்க அழுத்தமான ஆரஞ்சு நிறம், மேலே ஐன்ஸ்டீனின் சமன்பாடு பெரிய எழுத்தில். உள்ளே கழிவின் சூடு குறையக் குறைய வெளியே வண்ணத்தையும் வெளிறலாக மாற்றிப் பூசிக்கொண்டே வந்து, கடைசியில் வெள்ளையாக்குவது என்பது ஓவியரோடு சேர்ந்து போட்ட திட்டம். பார்வையாளர்களை உள்ளே அழைத்துக் காட்டுகிறார்கள். எனக்கு இந்தக் கட்டடத்தில் பிடித்தது வண்ணம் இல்லை, அது மறைக்காமல் நிற்பது. இது தற்காலிகம், இத்தனை ஆண்டு, இப்படி ஆறுகிறது என்று சாலையில் போகிறவனுக்கும் சுவரே சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவைப் பாருங்கள், தற்காலிகம் எப்படி நிரந்தரமாகும் என்று தெரியும். 1998 ஜனவரி 31க்குள் அரசு எரிந்த எரிபொருளை எடுத்துக்கொள்ளும் என்று அங்கே சட்டமே இருந்தது. இடம் தயாராகவில்லை. இன்று 90,000 டன் அளவுக்கு நிலையங்களின் வளாகங்களிலேயே நிற்கிறது; வாக்கு தவறியதற்கு மின் நிறுவனங்களுக்கு அரசு கொடுத்த இழப்பீடு மட்டும் 1,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கலன் நல்ல வழி. அடுத்த இடம் எது என்று சொல்லாத கலன் மட்டும் ஆபத்து.

மறுபதப்படுத்தலும் கண்ணாடியும்

இந்திய அணுசக்தித் துறையின் பதில் எப்போதும் இதுதான்: இது கழிவே இல்லை, செல்வம். ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில், எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து விரைவு உலையில் எரிப்பது இரண்டாம் கட்டம். கல்பாக்கம்தான் அதன் மையம். 500 மெகாவாட் விரைவு ஈனுலையில் 2024 மார்ச்சில் எரிபொருள் நிரப்பத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் விரைவு உலை எரிபொருளை மறுபதப்படுத்தும் செயல்விளக்க ஆலையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

செய்முறை இப்படி. எரிகோல்களைத் துண்டு துண்டாக வெட்டி நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற கரைப்பானைக் கொண்டு யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் தனியே இழுத்துவிடுவார்கள். மிச்சம் நிற்பது கொதிக்கக் கொதிக்க ஓர் அமிலத் திரவம், உயர்நிலைக் கழிவின் முழுச் சாறு. அதை போரோசிலிகேட் கண்ணாடித்தூளோடு சேர்த்து 1,000 டிகிரிக்கு நெருக்கமான சூட்டில் உருக்கி, எஃகுக் குடுவையில் ஊற்றி ஆறவிடுவார்கள். தடித்த ஈயக் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஆள் நின்று, அந்தப் பக்கம் இயந்திரக் கையால் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். தேன் மாதிரி கெட்டியாக, ஆரஞ்சு வெளிச்சத்தோடு இழை இழையாக விழும் அந்தக் கண்ணாடி இறுகிய பிறகு கழிவு அதன் மேல் ஒட்டியிருப்பதில்லை, கண்ணாடியின் உடம்பிலேயே ஓர் அங்கமாகிவிடுகிறது. டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்றிலும் இந்த வேலை நடந்திருக்கிறது.

கண்ணாடி எவ்வளவு நாள் நிற்கும்? கீழடி மண்ணுக்குள் 2,000 ஆண்டுக்கு மேல் கிடந்த கண்ணாடி மணிகள் நிறம் போகாமல் வெளியே வந்தன. அது சாதாரணக் கண்ணாடி. உயர்நிலைக் கழிவுக்குப் போடுவது அதைவிட உறுதியானது. திரவமாக வைத்திருப்பதற்கும் கண்ணாடியாக வைத்திருப்பதற்கும் உள்ள தூரத்தை மாயக்கின் 1957 வெடிப்பே காட்டிவிட்டது. ஆகவே ஏற்கெனவே திரவமாக இருக்கிற கழிவைக் கண்ணாடியாக்குவதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அது சீக்கிரம் நடக்க வேண்டும். டிராம்பேயில் அந்தத் திரவத்திலிருந்து சீசியத்தைப் பிரித்து, ரத்த வங்கிகளில் ரத்தத்தைக் கதிரூட்டப் பயன்படும் கண்ணாடிக் குச்சிகளாக்குகிறார்கள். நல்ல வேலை, மனமாரப் பாராட்டலாம்.

கூடங்குளத்து எரிபொருளைப் புதிதாக இந்தப் பாதையில் இறக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இங்கே எனக்குத் தயக்கம் அதிகம்.

கெட்டியான பொருளைக் கரைத்துத் திரவமாக்கும் இடத்தில்தான் விபத்துக்கு வாய்ப்பு பிறக்கிறது. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையில், ஒரு வால்வு பழுதானதால் உயர்நிலைக் கழிவு வரக்கூடாத தொட்டிக்கு வந்துவிட, அது தெரியாமல் வேலை பார்த்த 6 பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் தோர்ப் ஆலையில் 2005இல் ஒரு குழாய் உடைந்து 83,000 லிட்டர் திரவம் தடுப்பறைக்குள் கொட்டியது. யாருக்கும் காயமில்லை, ஆனால் மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவும் இல்லை. ஜப்பானின் ரொக்காஷோ ஆலையை 1993இல் கட்டத் தொடங்கினார்கள்; முடிக்கும் தேதி 20 தடவைக்கு மேல் தள்ளிப்போனது.

பிரித்தெடுத்த புளூட்டோனியத்தை யார் எரிப்பது என்பது அடுத்த சிக்கல். இங்கிலாந்து இப்படிப் பிரித்துப் பிரித்து 140 டன் அளவுக்குச் சேர்த்தது. விரைவு உலைத் திட்டம் நின்றுபோனது, வாங்குவார் இல்லை. 2025 ஜனவரியில், அதை எரிபொருளாக்குவதில்லை, கெட்டியாக்கிப் புதைத்துவிடுவது என்று அந்த அரசு அறிவித்தது. செல்வம் என்று சேர்த்தது கடைசியில் கழிவாகவே கணக்கில் ஏறியது. அப்புறம், உலகிலேயே மறுபதப்படுத்தலை அதிகம் நம்பிய பிரான்ஸ், லா ஹேக் ஆலையின் கண்ணாடிக் குடுவைகளை வைக்க பூர் கிராமத்துக்கு அடியில் 500 மீட்டர் ஆழத்தில் களிமண் பாறையைக் குடைய 2023 ஜனவரியில் அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறது. மறுபதப்படுத்தினால் புதைகுழி சிறிதாகும். தேவையே இல்லாமல் போகாது.

பாறைக்கு அடியில்

ஆழத்தில் வைத்தால் நிற்குமா என்பதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுக்கு முன்பு யுரேனியத் தாது தானாகவே அணு உலை போல் எரிந்திருக்கிறது, 1972இல் கண்டுபிடித்தார்கள். உண்டான புளூட்டோனியம் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராமலே அழிந்துபோயிருந்தது. கலனும் இல்லை, காவலும் இல்லை.

பாறையென்றால் எந்தப் பாறையும் இல்லை. ஜெர்மனியில் ஆஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1,26,000 பீப்பாய் கீழ்நிலை, இடைநிலைக் கழிவைப் போட்டார்கள். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. இப்போது எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. நியூ மெக்சிகோவில் உப்புப் படிவத்துக்குள் 655 மீட்டர் ஆழத்தில் ராணுவக் கழிவை வைக்கும் மையத்தில் பாறை ஒழுங்காகத்தான் இருந்தது. 2014 பிப்ரவரியில் ஒரே ஒரு பீப்பாய் உள்ளே சூடேறி வெடித்தது. ஈரத்தை உறிஞ்ச அதில் மண் வகைப் பூனைத்தூளுக்குப் (வீட்டுப் பூனையின் கழிவுத்தட்டில் போடும் தூள்) பதிலாக கோதுமையில் செய்த பூனைத்தூளைப் போட்டிருந்தார்கள். அது நைட்ரேட் உப்போடு சேர்ந்து வினை புரிந்துவிட்டது. மையம் ஏறக்குறைய 3 ஆண்டு மூடிக் கிடந்தது.

பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ தீவில் இருக்கும் ஓன்கலோ என்ற புதைப்பகம்தான் இதில் எல்லோரையும்விட முன்னே போயிருக்கிறது. அங்கே பாறை 190 கோடி ஆண்டுப் பழமை. எரிந்த கட்டுகளை மறுபதப்படுத்தாமல் அப்படியே வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் வைத்து, அதன் மேல் 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள செம்புக் கலனைப் போட்டு மூடுகிறார்கள். 400 மீட்டருக்கும் கீழே குடைந்த சுரங்கத் தரையில் குழி வெட்டி, கலனை நட்டு, சுற்றிலும் பென்டோனைட் களிமண் அடைக்கிறார்கள். தண்ணீர் பட்டால் அந்தக் களிமண் ஊதிப் பெருத்து இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். 6,500 டன்னுக்கு இடம். 2024 ஆகஸ்டில் ஒத்திகை தொடங்கினார்கள். இதே முறையை எடுத்துக்கொண்ட ஸ்வீடனில், ஆக்சிஜன் இல்லாத நீரிலும் செம்பு அரிக்கும் என்று சில விஞ்ஞானிகள் கிளப்பிய கேள்வியால் அனுமதி பல ஆண்டு தாமதமானது. 2022 ஜனவரியில்தான் அரசு ஒப்புதல் தந்தது. அந்தத் தாமதத்தை நான் நல்ல அடையாளமாகத்தான் பார்க்கிறேன்.

ஆனால் ஓன்கலோவில் நான் கவனிப்பது செம்பையோ களிமண்ணையோ இல்லை. 1983இல் நாடு முழுக்கத் தேடத் தொடங்கி, 4 இடங்களுக்குச் சுருக்கி, ஊர்க்காரர்களோடு பேசி, 2000 ஜனவரியில் அந்தத் தீவு இருக்கும் யூராயோகி நகராட்சியின் மன்றம் 20க்கு 7 என்று வாக்களித்து ஏற்றது. மன்றம் மறுத்திருந்தால் திட்டம் அங்கேயே நின்றிருக்கும், சட்டம் அப்படி. நாடாளுமன்றம் 2001இல்தான் ஒப்புதல் தந்தது. அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1987இல் நாடாளுமன்றமே நெவாடாவின் யக்கா மலையை ஒற்றை இடமாகக் குறித்தது. நெவாடா மறுத்ததையும் 2002இல் தள்ளுபடி செய்தது. 2010இல் திட்டமே முடங்கிப்போனது.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு நடந்தபோது, கழிவைக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வைக்கும் பேச்சு உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பிலிருந்து வந்தது. கோலார் தங்கவயலில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து சுரங்க வேலைக்குப் போன தமிழர்கள். 2001இல் சுரங்கம் மூடி வேலை போன ஊர் அது. தங்கள் ஊர்ப் பெயர் அடிபடுகிறது என்பதே அவர்களுக்குச் செய்தியாகத்தான் தெரிந்தது. தெருவில் இறங்கினார்கள், அரசு பின்வாங்கியது. முன்பு 1980களில் அந்தச் சுரங்கத்தில் பாறையைச் சூடாக்கி அணுசக்தித் துறை பரிசோதனை நடத்தியது உண்மை. பரிசோதனைக்கு அது ஏற்ற இடம்தான். நிரந்தரப் புதைப்புக்கு ஆகாது. 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக நூறாண்டுக்கு மேல் வெட்டி, பாறை வெடிப்புக்குப் பேர்போன, மூடியதும் தண்ணீர் நிரம்பிய சுரங்கம் அது. நமக்கு வேண்டியது யாரும் கைவைக்காத பாறை.

அந்த ஒரு தவறின் நிழல் நீளமானது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்று சொன்னபோது, அங்கே அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள் என்ற சந்தேகம் பரவியது. ஆய்வகத்துக்கும் கழிவுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் மலைக்குள் குகை என்றதும் ஜனங்களுக்கு அந்தச் சந்தேகம் ஏன் வந்தது என்று கேட்டால், குறையை அவர்கள் மேல் போட எனக்கு மனமில்லை.

ஆழ்துளைக் கிணறு என்று இன்னொரு யோசனையும் உண்டு. 5 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு அடிப்பகுதியில் கழிவை இறக்குவது. 2016இல் அமெரிக்கா வடக்கு டகோட்டாவில் கழிவே இல்லாத வெறும் சோதனைத் துளை போடப் போனது. ஊர்க்காரர்கள் விடவில்லை. ஒரு கலன் பாதியில் சிக்கிக்கொண்டால் மீட்பது கடினம் என்பதால் கட்டுகளுக்கு இது சரிப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கூடங்குளத்துக்கு நான் சொல்வது

தொட்டியில் ஆறி முடிந்த கட்டுகளை உலர் கலன்களுக்கு மாற்றட்டும், உப்புக்காற்று நேரே படாத கட்டடத்துக்குள். இது ஏ.எஃப்.ஆர். வேண்டாம் என்று போராடும் நண்பர்களுக்குக் கசக்கும். ஆனால் அதை எதிர்ப்பதால் கழிவு கூடங்குளத்தை விட்டுப் போகவில்லை, இருப்பதிலேயே பலவீனமான இடமான தொட்டியில்தான் தங்குகிறது. அனுமதியில் கடைசித் தேதி எழுதியிருக்க வேண்டும். கலன்களின் சூடு, கதிர்வீச்சு, எஃகின் நிலை மூன்றையும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் ராதாபுரத்துப் பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி இருக்க வேண்டும்.

அதே கையோடு இடம் தேடும் சட்டம் வரட்டும். உச்ச நீதிமன்றமே 2013 தீர்ப்பில் ஆழ்நிலப் புதைப்பகத்தைச் சீக்கிரம் அமைக்கச் சொல்லியிருக்கிறது; ஏ.எஃப்.ஆர். கெடுவைப் பேசியவர்கள் இதைப் பேசவில்லை. சட்டத்தில் எனக்கு ஒரே ஒரு வரி முக்கியம்: கிராமசபை மறுத்தால் அந்த இடம் பட்டியலிலிருந்து நீங்கும். அப்படி ஒரு வரி இருந்தால் எந்த ஊரும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். யூராயோகி ஒத்துக்கொண்டது, ஸ்வீடனின் ஓஸ்தாமர் ஒத்துக்கொண்டது. மறுக்கும் உரிமை கையில் இருந்ததால்தான் அவர்களால் உட்கார்ந்து கேட்க முடிந்தது. பின்லாந்தில் மின்சார விலையிலிருந்தே இதற்கென்று தனி நிதி சேர்கிறது. இங்கேயும் யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று எடுத்து வைக்கலாம்.

மறுபதப்படுத்தல் காத்திருக்கட்டும். கல்பாக்கத்து விரைவு உலை ஆண்டுக்கணக்கில் தடங்கலில்லாமல் ஓடி, புளூட்டோனியத்தை உண்மையிலேயே எரித்துக் காட்டினால், நானும் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். கலனுக்குள் இருக்கும் கட்டுகளை அன்றைக்கும் வெளியே எடுக்கலாம். 40 ஆண்டு போனால் அவற்றின் கதிரியக்கம் உலையிலிருந்து எடுத்த அன்று இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தணிந்திருக்கும். அன்றைக்கு அதைத் திறக்கப்போகிற பெண்ணோ பையனோ இப்போது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.